இருளர் மாணவர்களுக்கு உயர்நிலைப்பள்ளி ஆங்கிலம் கற்பித்தல்

இருளர் மாணவர்களுக்கு உயர்நிலைப்பள்ளி ஆங்கிலம் கற்பித்தல் என்னும் இக்கட்டுரை, தமிழ்நாட்டின் வடபகுதியில், குறிப்பாகக் காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில், பழங்குடியினரான இருளர் சமூகத்துப் பிள்ளைகள் 9, 10-ஆம் வகுப்புகளில் ஆங்கிலம் கற்கும் நிலையையும், அதில் கையாளப்படும் முறைகளையும், எழும் சிக்கல்களையும் விளக்குகிறது. பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளிலும் புறம்போக்கு நிலங்களிலும் வாழும் இம்மக்களின் பிள்ளைகளில் பலர் தம் குடும்பத்தில் உயர்நிலை வகுப்பை எட்டும் முதல் தலைமுறையினர் ஆவர்.

தமிழ்நாட்டில் 10-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வில் தேர்ச்சி பெற ஐந்து பாடங்களிலும் தனித்தனியே 100-க்கு 35 மதிப்பெண் பெறவேண்டும். ஆங்கிலம் அவற்றுள் ஒன்று. ஆகவே கணக்கிலோ அறிவியலிலோ ஒரு மாணவர் எத்துணைத் திறம் பெற்றிருந்தாலும், ஆங்கிலத்தில் 35 எடுக்காவிடில் மேல்நிலைக் கல்வி தடைப்படுகிறது. துணைத்தேர்வு உண்டு, எனினும் ஒருமுறை பள்ளியை விட்டுச் செங்கற்சூளைக்குச் சென்ற பிள்ளை துணைத்தேர்வுக்காகத் திரும்பி வருவது அரிது. இக்காரணத்தால் ஆங்கிலப் பாடம் இங்கு மொழிப்பாடம் என்பதைக் காட்டிலும் ஒரு வாயிற்கதவு என்றே கொள்ளத்தக்கது.

மக்களும் மொழியும்

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர். மாநில மக்கள்தொகையில் இது ஏறத்தாழ 1.1 விழுக்காடு. இவர்களுள் மலையாளிகளுக்கு அடுத்த பெரிய சமூகம் இருளர் (1,89,661 பேர்). தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருடன் இருளரும் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என வகைப்படுத்தப்பட்டுள்ளனர். அதே கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது பழங்குடியினரின் எழுத்தறிவு 54 விழுக்காடாகவே இருந்தது. (காஞ்சிபுரம் வட்டாரத்தில் வாழும் நரிக்குறவர்கள் 2022 திசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டத்தின் மூலமே பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அவர்களது தாய்மொழியான வாக்ரிபோலி இந்தோ-ஆரிய மொழியாதலால், அவர்தம் பிள்ளைகளின் மொழிச்சிக்கல் வேறு வகையானது.)

இருளம் என்னும் மொழியைப் பற்றி ஒரு தெளிவு தேவை. நீலகிரி, கோயம்புத்தூர் மலைச்சரிவுகளில் பேசப்படும் இருளம் தமிழுக்கு நெருங்கிய, ஆனால் தனித்த தென்திராவிட மொழி என்பது மொழியியலாளர் பலரின் முடிவு. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் 1973 முதல் 1982 வரை மூன்று பகுதிகளாக அம்மொழியை ஆராய்ந்து வெளியிட்டார். தமிழில் இல்லாத நடு உயிரொலிகள் அதில் உண்டு. ஆனால் காஞ்சிபுரம், செங்கல்பட்டுச் சமவெளி இருளர் (வில்லியர் என்றும் அழைக்கப்படுவர்) பேசுவது பெரும்பாலும் வட்டாரத் தமிழே. ஆந்திர எல்லையை ஒட்டிய சில குடும்பங்களில் தெலுங்கும் கலந்து வழங்குகிறது. எனவே மலை இருளரின் பள்ளிக்குப் பொருந்தும் தாய்மொழிவழித் திட்டத்தை அப்படியே ஏரிக்கரை இருளருக்கும் பரிந்துரைப்பது பொருந்தாது. இங்குள்ள பிள்ளை வீட்டில் ஒரு தமிழும், பாடநூலில் மற்றொரு தமிழும் காண்கிறது. பாடநூலின் செந்தமிழே அதற்குப் பாதி அயல்மொழி. அதன்மேல் மூன்றாவது அடுக்காக வந்து அமைவது ஆங்கிலம். ஆனால் பாடத்திட்டமோ, முதல் இரண்டு அடுக்குகளும் ஒன்றே என்றும், ஆங்கிலம் இரண்டாவது மொழி என்றும் எண்ணி வகுக்கப்பட்டுள்ளது.

வாழ்நிலையும் பள்ளி ஆண்டும்

இருளரின் மரபுத்தொழில் பாம்பு, எலி பிடித்தலும் மூலிகை, தேன் திரட்டலும் ஆகும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பின்னர்ப் பாம்புத்தோல் வணிகம் முடிவுக்கு வந்தது. வேறு வழியின்றிப் பல குடும்பங்கள் முன்பணம் பெற்று அரிசி ஆலைகள், செங்கற்சூளைகள், மரம் வெட்டும் களங்கள் ஆகியவற்றில் கொத்தடிமைகளாயின. கொத்தடிமை முறை 1976-இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் 2019 சூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டனர். அவர்களுள் சிறுவர்களும் இருந்தனர்.

கல்வியைப் பொறுத்தவரை இதன் விளைவு மிகத் தெளிவானது. செங்கற்சூளை வேலை பொங்கலுக்குப் பின் சூடுபிடித்து மழைக்காலத் தொடக்கம் வரை நீடிக்கிறது. பொதுத்தேர்வு மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களில் நடைபெறுகிறது. அதாவது, குடும்பம் ஊரைவிட்டு நீங்கும் பருவமும் பள்ளி தன் மாணவரைத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்தும் பருவமும் ஒன்றே. கணக்கில் விட்டுப்போன ஒரு பாடத்தைப் பின்னர்த் தனியே படித்துக்கொள்ளலாம். மொழியோ நாள்தோறும் காதில் விழ வேண்டிய ஒன்று. மூன்று மாத இடைவெளி அதில் ஓராண்டு இழப்பாக மாறிவிடுகிறது. இதனால்தான் இச்சமூகத்தின் கல்வி பற்றிப் பேசுவோர் பலரும் உறைவிடப் பள்ளியை வலியுறுத்துகின்றனர்.

சாதிச்சான்றிதழ் மற்றொரு தடை. பழங்குடியினர் சான்றிதழை 1989 முதல் வட்டாட்சியர் அன்றி வருவாய்க் கோட்டாட்சியர் நிலை அலுவலரே வழங்குகிறார். நிலையான முகவரியும் பழைய ஆவணங்களும் இல்லாத குடும்பங்கள் அதைப் பெற ஆண்டுக்கணக்கில் அலைய நேர்வதுண்டு. சான்றிதழ் இல்லையேல் 10-ஆம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகையும், பழங்குடியினருக்கான 1 விழுக்காட்டு இட ஒதுக்கீடும் எட்டாக்கனிகளே.

பள்ளிகள்

இருளர் பிள்ளைகள் பயிலும் பள்ளிகள் ஒரே வகையின அல்ல. பழங்குடியினர் நலத்துறை தமிழ்நாடு முழுவதும் 300-க்கும் மேற்பட்ட உண்டு உறைவிடப் பள்ளிகளை நடத்துகிறது. ஆனால் இவை பெரும்பாலும் கல்வராயன் மலை, சவ்வாது மலை, கொல்லி மலை, ஏற்காடு, நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் உள்ளன. சமவெளியில் சிதறி வாழும் இருளரின் பிள்ளைகளுள் பெரும்பாலோர் அருகிலுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியிலும், பின்னர்ப் பொதுவான அரசு உயர்நிலைப் பள்ளியிலும் பயில்கின்றனர். அங்கு ஒரு வகுப்பில் இருவரோ மூவரோ மட்டுமே இருளராக இருப்பர். பழங்குடிப் பள்ளிக்கெனத் தனி அக்கறை கொண்ட திட்டங்கள் இவர்களை எட்டுவதில்லை.

ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளிகள் 1997-98-இல் நடுவண் அரசின் நிதியுதவியுடன் தொடங்கப்பட்டவை. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை உள்ளவை. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் குமிழியில் (2019 நவம்பர் முதல் செங்கல்பட்டு மாவட்டம்) இவற்றுள் ஒன்று அமைந்துள்ளது. பாதிக்கு மேல் பழங்குடியினரும், குறைந்தது 20,000 பழங்குடி மக்களும் உள்ள ஒவ்வோர் ஒன்றியத்திலும் ஒரு பள்ளி என 2018-இல் இத்திட்டம் விரிவாக்கப்பட்டது. இவ்வளவுகோல் நடு இந்தியாவுக்கு ஏற்றது. தமிழ்நாட்டுச் சமவெளிக்கு ஏற்றதன்று. 2023-இல் நாடு முழுவதற்குமாக நடத்தப்பட்ட ஆசிரியர் தெரிவில் இந்தி அறிவு ஒரு தகுதியாக வைக்கப்பட்டதும், அதனால் தென்மாநிலப் பள்ளிகள் சிலவற்றில் உள்ளூர் மொழி அறியாத ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டதும் 2024-இல் விவாதத்துக்கு உள்ளாயின. மாணவரின் மொழியை ஆசிரியர் அறியாதபோது மிகவும் நலிவது ஆங்கில வகுப்பே எனலாம். ஏனெனில் அயல்மொழியின் பொருளை விளக்குவதற்கு இருவருக்கும் பொதுவான ஒரு மொழி வேண்டும்.

பள்ளிகளின் பெயர் பற்றியும் வாதம் உண்டு. அரசுப் பள்ளியின் பெயரில் பழங்குடியினர் என்னும் சொல் இருப்பது மாணவரை முத்திரை குத்துவதாகும் என 2024-இல் கல்வராயன் மலை மக்கள் நிலை குறித்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் கருத்துத் தெரிவித்தது. அதே ஆண்டு ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு குழு, துறைவாரிப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித்துறையின்கீழ்க் கொண்டுவரப் பரிந்துரைத்தது.

காஞ்சிபுரத்தில் ஆங்கிலக் கல்வி

காஞ்சிபுரம் நகரம் ஆங்கிலக் கல்விக்குப் புதியதன்று. 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மறைப்பணியாளர்களின் முயற்சியில் உருவான ஆண்டர்சன் பள்ளியும், பச்சையப்பர் அறக்கட்டளையின் பள்ளியும் இங்கு ஆங்கிலத்தைப் பரப்பின. நெசவாளர் குடும்பத்தில் 1909-இல் பிறந்த கா. ந. அண்ணாதுரை பச்சையப்பன் பள்ளியில் பயின்று, பின்னாளில் சென்னையில் சிறிது காலம் ஆங்கில ஆசிரியராகவும் பணியாற்றினார். முதலமைச்சரான பின் 1968 சனவரியில் அவர் கொண்டுவந்த தீர்மானமே தமிழும் ஆங்கிலமும் என்னும் இருமொழிக் கொள்கைக்கு அடிப்படை. இன்று ஏரிக்கரைப் பிள்ளை ஆங்கிலம் படிப்பது அக்கொள்கையின்படியே.

நெசவாளர் பிள்ளைகளின் நிலையும் நெடுங்காலம் எளிதாக இருக்கவில்லை. பட்டுத்தறிகளில் முன்பணத்துக்காகச் சிறுவர்கள் வேலை செய்ததை 2003-இல் வெளிவந்த பன்னாட்டு மனித உரிமை அமைப்பொன்றின் அறிக்கை ஆவணப்படுத்தியது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் இத்தகைய பிள்ளைகளை மீட்டு முறைப்பள்ளியில் சேர்த்தன. எனினும் தறிக்காரர் வீட்டுக்கு நகரில் ஒரு முகவரி, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, படித்த உறவினர் எனச் சில பிடிமானங்கள் இருந்தன. இருளருக்கு இவை இல்லை. ஒரே பள்ளியின் ஒரே வாங்கில் அமர்ந்தாலும் இருவரின் தொடக்கப்புள்ளி வேறு.

பாடத்திட்டமும் வினாத்தாளும்

இப்போதைய 9-ஆம் வகுப்புப் பாடநூல் 2018-19-இலும், 10-ஆம் வகுப்புப் பாடநூல் 2019-20-இலும் நடைமுறைக்கு வந்தன. ஒவ்வோர் அலகிலும் உரைநடை, செய்யுள், துணைப்பாடம், அவற்றுடன் இணைந்த சொல்வளம், இலக்கணம், எழுத்துப் பயிற்சி ஆகியவை உள்ளன. முன்னர் இரண்டு தாள்களாக இருந்த 10-ஆம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு 2019-ஆம் ஆண்டின் ஆணைப்படி ஒரே தாளாயிற்று. அதில் 14 ஒரு மதிப்பெண் வினாக்கள், 10 இரு மதிப்பெண் வினாக்கள், 10 ஐந்து மதிப்பெண் வினாக்கள், 2 எட்டு மதிப்பெண் வினாக்கள் என மொத்தம் 100 மதிப்பெண்கள்.

மெல்லக் கற்போர் எனப்படும் மாணவருக்காக ஆசிரியர்கள் இவ்வினாத்தாளை ஆராய்ந்து ஒரு குறுக்குவழியை உருவாக்கியுள்ளனர். மனப்பாடச் செய்யுள், படத்தைக் கண்டு எழுதுதல், வரைபடத்தில் வழிகூறுதல், விளம்பரம், அறிவிப்பு, கடிதத்தின் அமைப்பு ஆகியவற்றை மட்டும் திரும்பத் திரும்ப எழுதவைத்தால் 35-ஐ எட்டிவிடலாம் என்பது கணக்கு. இதைப் பழிப்பது எளிது. ஆனால் திசம்பரில் ஒரு மாணவர் ஆங்கில எழுத்துகளையே தடுமாறிப் படிக்கும் நிலையில் இருந்தால், மார்ச்சுக்குள் அவரைத் தேர்ச்சிபெறச் செய்ய ஆசிரியருக்கு வேறு வழி இருப்பதில்லை. இதன் தீங்கு வேறிடத்தில் உள்ளது: 9-ஆம் வகுப்பின் சூன் மாதத்திலேயே இம்முறை தொடங்கிவிடும்போது, மொழியைக் கற்றிருக்கக்கூடிய இரண்டு ஆண்டுகளும் வீணாகின்றன.

வகுப்பறையில் பரவலாகக் காணப்படும் மற்றொரு வழக்கம், ஆசிரியர் ஒரு வரியைப் படித்துத் தமிழில் பொருள் கூறி, பின் விடையைக் கரும்பலகையில் எழுத மாணவர் பார்த்து எழுதுவதாகும். சில மாணவர் ஆங்கில வரியின் மேல் அதன் ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வர். கையெழுத்து அழகாகவும் குறிப்பேடு நிறைவாகவும் இருக்கும். ஆனால் அதே பத்தியை வேறு தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் படிக்க இயலாது.

தமிழ்நாட்டில் 8-ஆம் வகுப்பு முடிய ஒரே வகுப்பில் நிறுத்திவைக்கும் முறை இல்லை. ஆகையால் தொடக்க வகுப்புகளில் தங்கிவிட்ட குறைகள் எல்லாம் 9-ஆம் வகுப்பு ஆசிரியரின் முன்தான் முதன்முதலில் தெரியவருகின்றன. கொரோனாக் காலப் பள்ளி மூடலுக்குப் பின் 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியும், 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் கீழ்வகுப்புகளில் இக்குறையை நீக்க முனைந்தவை.

மொழியியல் சிக்கல்கள்

மாணவர் செய்யும் பிழைகளுள் பெரும்பாலானவை கவனக்குறைவால் நேர்வன அல்ல. தமிழின் அமைப்பிலிருந்து எழுவன. இவற்றை அறிந்த ஆசிரியர் பிழையைத் திருத்துவதற்குப் பதில் முன்கூட்டியே தடுக்க முடியும்.

முதலாவது ஒலி. தமிழில் வல்லெழுத்தின் ஒலிப்பு அது வரும் இடத்தைப் பொறுத்து மாறும். ஆங்கிலத்திலோ இவ்வேறுபட்ட வல்லொலிகளுக்கு வெவ்வேறு எழுத்துகள் உண்டு. முதுகைக் குறிக்கும் பேக், பையைக் குறிக்கும் பேக், மூட்டை கட்டுவதைக் குறிக்கும் பேக் ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. ஒலிப்பைத் தமிழில் எழுதிவைத்துப் படிக்கும் மாணவருக்கு இம்மூன்றும் ஒரே சொல்லே. மெய்ம்மயக்கத்தில் சொல் தொடங்குவது தமிழுக்கு இயல்பன்று. எனவே ஸ்கூல் இஸ்கூல் ஆகிறது. அதுபோலவே சொல்லின் ஈற்றில் ஓர் உகரம் ஒட்டிக்கொள்கிறது.

இரண்டாவது சொல்வரிசை. பாம்பு எலியைத் தின்றது என்றாலும் எலியைப் பாம்பு தின்றது என்றாலும் தமிழில் பொருள் மாறாது. யார் தின்றார், எது தின்னப்பட்டது என்பதை வேற்றுமை உருபு காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் உருபு இல்லை. வரிசையே பொருளைத் தருகிறது. சொற்களை இடம் மாற்றினால் எலி பாம்பைத் தின்றுவிடும். இவ்வேறுபாட்டை வகுப்பில் ஒருமுறை சிரிப்போடு விளக்கிவிட்டால் மாணவர் எளிதில் மறப்பதில்லை.

மூன்றாவது வினை. தமிழ் வினைமுற்றே எழுவாயின் இடத்தையும் பாலையும் எண்ணையும் காட்டுவதால் எழுவாயை விட்டுவிடலாம். ஆங்கிலத்தில், மழை பெய்கிறது என்பதற்குக்கூடப் பொருளற்ற ஓர் எழுவாய் வேண்டும். மேலும், போகவில்லை என்னும் எதிர்மறை நேற்றைக்கும் இன்றைக்கும் பொதுவானது. காலம் அதில் வெளிப்படையாக இல்லை. ஆங்கிலத்திலோ காலம் துணைவினையில் ஏறிக்கொண்டு, முதன்மை வினை தன் அடிவடிவத்துக்குத் திரும்புகிறது. டிட் நாட் வென்ட் என மாணவர் எழுதுவது, இறந்தகாலத்தைக் காட்டாமல் விட்டுவிடக்கூடாதே என்னும் எச்சரிக்கையால் இருமுறை காட்டுவதன் விளைவு. இது ஒரு வகையில் சிந்தித்துச் செய்யும் பிழை.

பெயருக்கு முன் வரும் சுட்டிடைச்சொற்கள் (ஏ, ஆன், தி) தமிழில் இல்லாமையால் அவை கடைசிவரை தடுமாற்றம் தருகின்றன. தேர்ச்சி நோக்கில் இவற்றுக்கு மிகுந்த நேரம் செலவிடத் தேவையில்லை.

மாணவரின் அறிவைப் பாடமாக்கல்

மாணவர் அறிந்த பொருளைப் பற்றி அறியாத மொழியில் படிப்பது, அறியாத பொருளைப் பற்றி அறியாத மொழியில் படிப்பதைவிட எளிது. இவ்வகையில் இருளரின் தொழிலறிவு ஆங்கில வகுப்புக்கு வளமான பொருள்.

சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம், பாம்பியலாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978-இல் தொடங்கப்பட்டது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்து, நச்சுமுறி மருந்து செய்யும் நிறுவனங்களுக்கு இது வழங்குகிறது. பிடிக்கப்பட்ட பாம்பு மண்பானையில் வைக்கப்படுகிறது. ஏறத்தாழ மூன்று வாரங்களில் நான்கு முறை நஞ்சு எடுக்கப்படுகிறது. பின்னர்க் காட்டில் விடப்படுகிறது. இத்தொடர்கள் அனைத்தும் செயப்பாட்டுவினையில் அமைந்திருப்பதைக் காண்க. 10-ஆம் வகுப்பு மாணவர் மிகவும் அஞ்சும் இலக்கணப் பகுதிகளுள் ஒன்று செயப்பாட்டுவினை. செய்பவர் யார் என்பதைவிடச் செயலே முதன்மையாகும் இடத்தில் அது இயல்பாக வருகிறது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சொற்பிறப்பும் உதவும். கோப்ரா என்பது போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயர், 18-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக இருந்து தென்னிந்தியப் பாம்புகளை ஆராய்ந்த பேட்ரிக் ரசலின் பெயரால் அமைந்தது. பெருச்சாளியைக் குறிக்கும் பேண்டிகூட், பன்றி எலி எனப் பொருள்படும் பந்திகொக்கு என்னும் தெலுங்குச் சொல்லின் திரிபு. கட்டுமரமும் சுருட்டும் தமிழிலிருந்தே ஆங்கிலம் புகுந்தன. ஆங்கிலம் என்பது வானிலிருந்து வந்ததன்று, நம் ஊர் வழியாகவும் நடந்து சென்ற மொழி என்பதை மாணவர் இதனால் உணர்வர். நகரப் பள்ளிகளில் இதே முறையில் பாவு, ஊடை, தறி, சரிகை ஆகியவற்றைக் கொண்டு நெசவாளர் பிள்ளைகளுக்குப் பாடம் அமைக்கலாம்.

இத்தகைய பாடத்தின் நடைமுறை எளியது. மாணவர் ஒரு நிகழ்ச்சியைத் தம் பேச்சுத்தமிழில் கூறுவர். ஆசிரியர் அதை ஆறு அல்லது எட்டு எளிய ஆங்கிலத் தொடர்களாக்கிக் கரும்பலகையில் எழுதுவார். வகுப்பு அதைப் படிக்கும், மறுநாள் அதே தொடர்கள் துண்டுத்தாள்களில் வரிசை கலைத்துத் தரப்படும், மாணவர் வரிசைப்படுத்துவர், பின்னர்க் காலத்தை மாற்றி எழுதுவர். இவ்வாறு உருவான பத்துப் பனிரண்டு பத்திகள் ஒரு சிறு வாசிப்பு நூலாகிவிடும். அதன்பின் பாடநூலுக்குச் செல்லும்போது, எழுத்துக்கூட்டிப் படிக்கும் பயிற்சியும் அடிப்படைத் தொடரமைப்பும் கைவந்திருக்கும்.

ஓர் எச்சரிக்கை. இருளர் பிள்ளைகள் அனைவரும் பாம்பு அறிந்தவர் எனக் கொள்வது தவறு. பலரின் பெற்றோர் சூளையிலும் வயலிலும் மட்டுமே உழைத்தவர்கள். கலப்பு வகுப்பில் ஆசிரியர் பாம்பைப் பற்றிப் பேச்செடுத்ததும் எல்லோரும் ஒரு மாணவரைத் திரும்பிப் பார்ப்பார்களாயின், அப்பாடம் அம்மாணவருக்குத் தண்டனையாகிவிடும். பொருளை மாணவரே தெரிவுசெய்ய விடுவது நன்று. அது மட்டைப்பந்தாகவோ திரைப்படமாகவோ இருந்தாலும் குறையில்லை.

பிற முயற்சிகள்

நீலகிரி மாவட்டம் கூடலூரில் வித்யோதயா பள்ளி 1990-களிலிருந்து பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் பிள்ளைகளுக்காக நடைபெறுகிறது. அச்சமூகங்களைச் சேர்ந்தவர்களையே ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தது இதன் சிறப்பு. தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் 2004-இல் தொடங்கிய துளிர், மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்துக்கு அப்பாற்பட்ட கற்றலிடமாக அமைந்தது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியே சான்றிதழ், கல்வி, வழக்கு ஆகியவற்றில் இருளருக்குத் துணைநின்றதோடு, தாய்த்தமிழ்ப் பள்ளி ஒன்றையும் நடத்தினார். தாய்மொழியில் ஊன்றிய பின்னரே பிறமொழி நிலைக்கும் என்பது அப்பள்ளிகளின் நிலைப்பாடு. ஒடிசாவில் 2007 அளவில் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடங்கப்பட்ட பன்மொழிக் கல்வித் திட்டமும் இக்கருத்தை ஒட்டியதே.

வெளிநாடுகளில், நியூசிலாந்தின் மாவோரிச் சிறுவர்களுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், பிள்ளைகள் தம் வாழ்விலிருந்து கேட்டுப்பெறும் சொற்களையே முதல் வாசிப்புப் பாடமாக்கினார். 1963-இல் வெளிவந்த அவரது நூல் பரவலாக அறியப்பட்டது. அவர் கற்பித்தவர்கள் இளஞ்சிறார். எனினும் எழுத்தறிவு நிரம்பாமல் 9-ஆம் வகுப்பை எட்டிய மாணவருக்கும் அம்முறை பொருந்துகிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் 1966-இல் தொடங்கிய ரஃப் ராக் பள்ளி, நவஹோ மக்களே தம் பள்ளிக்குழுவை அமைத்து, நவஹோ மொழியையும் ஆங்கிலத்தையும் இணைத்துக் கற்பித்ததால் முன்னோடியாயிற்று. இதற்கு நேர்மாறானது கனடாவின் உறைவிடப் பள்ளி வரலாறு. அங்கு முதற்குடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, தாய்மொழி பேசியமைக்காகத் தண்டிக்கப்பட்டனர். 2008-இல் அந்நாட்டு அரசு மன்னிப்புக் கோரியது. உறைவிடப் பள்ளியைத் தீர்வாக முன்வைப்போர் இவ்வரலாற்றையும் அறிந்திருத்தல் வேண்டும். பள்ளி விடுதி சூளையிலிருந்து காப்பது வேறு, வீட்டிலிருந்து பிரிப்பது வேறு.

பயிற்றுமொழி விவாதம்

ஆங்கிலம் ஒரு பாடமாக இருப்பதா, பயிற்றுமொழியாக இருப்பதா என்பது பெற்றோரிடையே பெரிதும் பேசப்படுவது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் ஆங்கிலவழியையே விரும்புவதுண்டு. அவ்விருப்பத்தை அறியாமை எனத் தள்ளுவது முறையன்று. வசதியுள்ளோர் தம் பிள்ளைகளுக்குத் தெரிவுசெய்வதையே அவர்களும் வேண்டுகின்றனர். ஆனால் வீட்டில் விளக்கிச் சொல்ல ஆளில்லாத பிள்ளைக்கு அறிவியலும் சமூக அறிவியலும் கூட ஆங்கிலத்தில் அமையும்போது, ஒரு பாடத்தில் இருந்த இடர் நான்கு பாடங்களுக்குப் பரவுகிறது. அத்துடன், தமிழ்வழியில் படித்தோருக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்டு, பள்ளிப் பருவம் முதலே தமிழ்வழியில் பயின்றிருக்க வேண்டும் என்றாயிற்று. 6-ஆம் வகுப்பில் வழியை மாற்றும் பெற்றோர் பலருக்கு இச்செய்தி தெரிவிக்கப்படுவதில்லை. சேர்க்கையின்போதே தலைமையாசிரியர் இதைக் கூறுவது பயனுடையது.

பள்ளிக்குப் பின்

2024-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டம் பச்சைமலையின் அரசுப் பழங்குடியினர் பள்ளி மாணவி ஒருவர் நுழைவுத்தேர்வில் தகுதி பெற்றுத் திருச்சித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் இடம்பெற்றார். அந்நுழைவுத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம். கழகத்தின் வகுப்புகள் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. கல்லூரியின் முதலாண்டில் படிப்பை விடுவோருக்கு இவ்விடைவெளி ஒரு காரணம். 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், 2024-இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேர்வோருக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்குகின்றன. அப்பணம் பேருந்துக்கும் உணவுக்கும் உதவும். விரிவுரையைப் புரிந்துகொள்ள 9-ஆம் வகுப்பு ஆங்கிலமே உதவ வேண்டும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் திருப்பெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆகிய இடங்களில் 1990-களின் இறுதியிலிருந்து தானுந்து, மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. தொழிற்பயிற்சி முடித்த இளைஞருக்கு அங்கு வேலைவாய்ப்பு உண்டு. இயந்திரக் கையேடும், பாதுகாப்பு அறிவிப்பும், பணி ஒப்பந்தமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. முன்பணச் சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்கவியலாமல் கைநாட்டு வைத்த தலைமுறையின் பிள்ளைகளுக்கு, கையெழுத்திடும் தாளைப் படிக்க முடிவது சிறிய செய்தியன்று.

கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். அங்கு பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளை இரு வாரத்துக்குள் 13 பிடித்துக் கொடுத்தனர். அவர்களுடன் இரண்டு மொழிபெயர்ப்பாளரும் சென்றிருந்தனர். 2023-இல் இருவருக்கும் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது. இருளரின் பாம்பறிவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை பல. அவற்றுள் பெரும்பாலானவை பிறர் எழுதியவை.